மழைக்கு நிகரான நீர்ப்பொழிவு

"மாப்ள, மேக்க கறுத்துக்கிட்டு வருது. தார்ப்பாய் வருமா, வராதா?"

மாமனார் துரைக்கண்ணு போனில் இப்படிக் கேட்டபோது, பரணிதரன் தஞ்சாவூர் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, 'எதிர்பாராத மழையை எதிர்பார்க்கும் முறைகள்' என்ற அத்தியாயத்துக்கு உபதலைப்பு யோசித்துக்கொண்டிருந்தான்.

"வந்துடும் மாமா. நடைமுறையில இருக்கு."

"நடைமுறையிலயா? அது எந்தப் பக்கம் இருக்கு? சொல்லுங்க, நானே டிராக்டர எடுத்துக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டு வந்துடறேன்."

காவிரிப் படுகைத் தானியப் பாதுகாப்பு முகமையில் பரணிதரன் கொள்முதல் கொள்கைப் பகுப்பாய்வாளர். பெண் பார்க்க வந்த அன்று இந்தப் பதவியின் பெயரை அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததைப் பார்த்தே துரைக்கண்ணு மகளைக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டார். கல்யாணமெல்லாம் முடிந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"நீங்க நெல்லு வாங்குறீங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"விக்கிறீங்களா?"

"இல்ல. எப்படி வாங்கணும்னு எழுதறேன்."

"வாங்குறவனுக்கு அது தெரியாதா?"

"நான் எழுதுனதப் படிச்சா தெரிஞ்சுக்குவான்."

"படிக்கிறானா?"

நல்லவேளையாக அப்போது காபி வந்துவிட்டது.

இப்போது ஐப்பசி. குறுவை அறுவடை முடிந்து, நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் ஊர்க் கொள்முதல் நிலையத்தின் களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. சொந்த நிலத்தோடு, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளியின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார் துரைக்கண்ணு. ரெண்டும் சேர்ந்து ஒரே அம்பாரமாக, வானத்தைப் பார்த்தபடி முறைக்காகக் காத்திருந்தது. நனைந்தால் ஈரம் அதிகம் என்று தள்ளிவிடுவார்கள். தள்ளி நாலு நாள் கிடந்தால் முளைத்துவிடும். முளைத்தால் அந்தக் களத்திலேயே உரம் போட்டுக் களை எடுக்க வேண்டியதுதான்.

முகமையிடம் தார்ப்பாய் இல்லாமல் இல்லை. கிடங்கில் கூரையைத் தொடும்படி அடுக்கி வைத்திருந்தார்கள். சித்திரையிலேயே வந்து இறங்கிய சரக்கு. ஆனால் வெளியே போகாது. காரணம், முகமையின் கொள்முதல் கொள்கையில் இருந்த ஒரு பத்தி:

'தார்ப்பாய்கள் மழையில் சோதிக்கப்பட்டு, நீர் புகாதவை என உறுதி செய்யப்பட்ட பின்னரே நிலையங்களுக்கு வழங்கப்பட வேண்டும்.'

சித்திரையில் மழை இல்லை. வைகாசியில் இல்லை. ஆடியில் விழுந்த தூறலை 'மழை எனக் கருத இயலாது' என்று சோதனைக் குழு எழுதி வைத்தது. இனி மழை பெய்தால் சோதிக்கலாம். சோதித்தால் வழங்கலாம். வழங்கப் போகும்போது களத்தில் நாற்று பறிக்கலாம்.

அந்தப் பத்தியை எழுதியவன் பரணிதரன்தான். அதற்காகச் சென்னையில் ஒரு கருத்தரங்கில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையை மட்டும் எதிலும் சோதிக்காமல் வழங்கினார்கள்.

அடுத்த போன் மனைவியிடமிருந்து வந்தது.

"என்னங்க, அப்பா கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு, பிரகதி."

"ஊருக்கெல்லாம் தார்ப்பாய் சட்டம் எழுதற மாப்பிள்ளைன்னு அவரு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நெல்லு நனைஞ்சுதுன்னா தீபாவளிக்கு நீங்க அங்க வராதீங்க. அசிங்கமா இருக்கும்."

"அப்ப நீ?"

"நான் போறேன். திரும்பி வர்றதப் பத்தித்தான் யோசிக்கணும்."

பரணிதரன் எழுந்து இயக்குநர் அறைக்குப் போனான்.

இயக்குநர் மங்களாம்பிகை விதிகளை நேசிப்பவர். வேறு எதையாவது நேசித்ததாகத் தகவல் இல்லை.

"மேடம், அந்தத் தார்ப்பாய குழாய்த் தண்ணியில சோதிச்சுப் பார்த்துடலாமா?"

"'மழையில்'னு எழுதியிருக்கீங்க பரணிதரன். 'குழாயில்'னு எழுதலையே."

"எழுதும்போது தோணல மேடம்."

"அருமையான பத்தி அது. அதைக் கெடுக்க வேணாம். ரொம்ப அவசியம்னா ஒரு திருத்தம் போடுங்க."

பரணிதரன் ஓடி வந்து திருத்தம் போட்டான். 'மழையில்' என்பதற்குப் பக்கத்தில், 'அல்லது மழைக்கு நிகரான நீர்ப்பொழிவில்' என்று சேர்த்தான். எழுதி முடித்ததும் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். இன்னொரு பொன்னாடைக்கு வாய்ப்பு இருப்பதாகவே பட்டது.

மங்களாம்பிகைக்கும் பிடித்திருந்தது. "ஆனா, மழைக்கு நிகர்னா மேலேருந்து விழணும். பரவலா விழணும். குழாய் ஒரே இடத்துல ஊத்தும். தீயணைப்பு வண்டிதான் சரியா வரும்."

பரணிதரன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான்.

"எங்க சார் தீ?"

"தீ இல்லைங்க. மழை வேணும்."

"என்ன வேணும்?"

"மழைக்கு நிகரான நீர்ப்பொழிவு."

மறுமுனைக் குரல் அன்பாகவே சொன்னது: "சார், காலையிலேயே ஆரம்பிக்காதீங்க. வீட்டுக்குப் போயிப் படுங்க. இது அவசர நம்பர்."

கடைசியில், கல்யாண மண்டபங்களுக்குத் தண்ணீர் அடிக்கும் ஒரு தனியார் லாரியைப் பிடித்தான். அலுவலக வளாகத்தில் ஒரு தார்ப்பாயை விரிக்க ஏற்பாடானது. கிடங்குப் பொறுப்பாளர் சாரங்கபாணி, ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்ததால் எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர், அதைக் கட்டோடு உருட்டிக்கொண்டு வந்து போட்டார்.

"கீழ நெல்லு எங்க?" என்றார் மங்களாம்பிகை.

"நெல்லா மேடம்?"

"நெல்லு இல்லாம, நனையுதா நனையலையான்னு எதைப் பார்த்துச் சொல்வீங்க?"

தானியப் பாதுகாப்பு முகமையில் தானியம் தவிர எல்லாம் இருந்தது. பரணிதரன் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, கொஞ்சம் நெல்லு அனுப்பி வைங்க. சோதனைக்கு."

"இன்னைக்கே தார்ப்பாய் வந்துடுமா மாப்ள?"

"இந்தச் சோதனை முடிஞ்சதும் வந்துடும்."

துரைக்கண்ணு குவியலிலேயே நல்ல இடமாகப் பார்த்து அள்ளி, சரசரவென்று காய்ந்த நெல்லாக நாலைந்து மூட்டை கட்டி, லோடு ஆட்டோவில் அனுப்பி வைத்தார். மகள் கல்யாணத்துக்குச் சீர் அனுப்பியபோதுகூட அவ்வளவு கவனமாக அனுப்பவில்லை.

நெல்லைக் கொட்டி, மேலே தார்ப்பாயை விரித்தார்கள். மங்களாம்பிகை பக்கத்திலேயே நின்று பார்வையிட்டார். லாரி டிரைவர் வண்டியின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு ரப்பர் குழாயை நீட்டினார்.

"மழை மாதிரி அடிங்க அண்ணே!" என்று பரணிதரன் கத்தினான்.

"புயல் மழையா, சும்மா மழையா சார்?"

"ஏதோ ஒண்ணு அடிங்க!"

மோட்டார் உறுமியது. முதல் வீச்சிலேயே தண்ணீர் தார்ப்பாயின் ஓரத்துக்குள் புகுந்து, அதைப் பாய்மரம் போலத் தூக்கியது. தார்ப்பாய் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வேறு இடமில்லாதது போல நேராக இயக்குநரின் தலைமேல் போய் விழுந்தது. டிரைவர் பதறிப் போய்க் குழாயை ஆட்ட, நெல்லின்மேலும் இயக்குநரின்மேலும் மாறி மாறித் தண்ணீர் கொட்டியது.

மோட்டாரை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார்கள். உள்ளே மங்களாம்பிகை, புடவை மடிப்புக்கூடக் கலையாமல், ஒரு சொட்டு நனையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீர் புகாது," என்றார் அவர். "நானே சாட்சி. குறிச்சுக்குங்க."

பரணிதரனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அப்ப மொத்தத்தையும் களத்துக்கு அனுப்பிடலாம் இல்லையா மேடம்?"

"எப்படி அனுப்புவீங்க? நாம சோதிச்சது ஒரு தார்ப்பாய். உங்க பத்தியில 'தார்ப்பாய்கள்'னு பன்மையில போட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணா சோதிக்கணும்."

"சரி, சோதிச்ச இந்த ஒண்ணையாவது..."

"இது இப்ப பயன்படுத்திய பொருள். புதுப் பொருளா இதை வழங்க முடியாது. ஏலத்துலதான் விடணும். அந்தப் பத்தியும் நீங்க எழுதினதுதான்."

சாரங்கபாணி தலையைச் சொறிந்தார். "அப்ப எல்லாத்தையும் சோதிச்சு முடிச்சா, எல்லாத்தையும் ஏலத்துலதான் விடணும். அப்படித்தானேங்க மேடம்?"

"விதிப்படி அப்படித்தான் வருது," என்றார் மங்களாம்பிகை, ஒரு நல்ல கணக்குக்கு விடை வந்த திருப்தியோடு. பிறகு நனைந்த நெல்லைக் குனிந்து பார்த்தார். "இது யாரு நெல்லு? இவ்வளவு ஈரமா இருக்கு?"

"துரைக்கண்ணுன்னு ஒரு விவசாயி, மேடம்."

"மாதிரிக்கு வந்த நெல்லே இவ்வளவு ஈரம்னா, மொத்தக் குவியலும் எப்படி இருக்கும்? அந்த நிலையத்துக்குச் சொல்லி, அவரு முறையக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்க. காயட்டும்."

பரணிதரன் வாயைத் திறந்தான். அது தன் மாமனார் என்று சொன்னால், உறவினரின் நெல்லைச் சோதனைக்குப் பயன்படுத்திய குற்றம் வரும். அந்தப் பத்தியையும் அவன்தான் எழுதியிருந்தான். வாயை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மாப்ள, என்னைக் கடைசியில தள்ளிட்டாங்களே! எனக்குப் பின்னாடி நின்னவன்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு முன்னாடி போறான். என்ன சோதனை மாப்ள அது?"

"சின்னக் குழப்பம் மாமா. சரி பண்ணிடறேன்."

"வேணாம் மாப்ள. நீங்க சரி பண்றதுக்கு முன்னாடி நான் நல்லாத்தான் இருந்தேன்."

இது பரணிதரனுக்குச் சுருக்கென்று தைத்தது. கொள்கை, திருத்தம், குழு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண மனிதன் செய்கிற காரியத்தைச் செய்யலாம் என்று முடிவெடுத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு கீழவாசலில் ஒரு கடைக்குப் போனான்.

"பெரிய தார்ப்பாய் ஒண்ணு வேணும். என்ன விலை சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்தார். "விலையா? இருந்தாத்தானே சார் விலை? ஏதோ தானியப் பாதுகாப்பாம், ஒரு ஆபீசு, சித்திரையில வந்து இந்தக் கடை, அடுத்த கடை, கும்பகோணம், மன்னார்குடின்னு இருந்த எல்லாத் தார்ப்பாயையும் வாரிக்கிட்டுப் போயிட்டான். பாதுகாப்புன்னா அதான் சார் பாதுகாப்பு. ஒரு பய தொட முடியாது. குடை வேணா தரட்டுமா?"

வெளியே வந்தபோது மேற்கே வானம் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சோதனைக்குள்ளான அந்த ஒற்றைத் தார்ப்பாய் கிடங்கு வாசலில் மடித்துக் கிடந்தது. பரணிதரன் இரண்டு பக்கமும் பார்த்தான். வாழ்க்கையில் ஒரு குண்டூசியைக்கூட விதிக்கு மாறாக எடுத்ததில்லை. அதைத் தூக்கி பைக்கின் பின்சீட்டில் வைத்துக் கட்டும்போது, பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

சாரங்கபாணி.

"நான் பார்க்கல சார்," என்றார் அவர். "பார்த்தா ரிப்போர்ட் எழுதணும். அந்த ரிப்போர்ட்டுக்கு நீங்க ஒரு மாதிரிப் படிவம் போட்டிருக்கீங்களே, அதை நிரப்பறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். முடிச்சை இறுக்கிப் போடுங்க. வழியில விழுந்துடும்."

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்திருந்தால்தான் செய்தி. கூட்ஸ் வண்டி ஒன்று வயதான யானை போல அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. பஸ், லாரி, வேன் எல்லாம் வரிசையில் நிற்க, பின்சீட்டில் அரசாங்கச் சொத்தோடு நடுவில் நின்றான் பரணிதரன். பக்கத்து பைக்காரர் தார்ப்பாயைப் பார்த்து, "எங்க சார் கிடைச்சுது?" என்று பொறாமையோடு கேட்டார். முதல் துளி அவன் மூக்கின்மேல் விழுந்தது.

களத்தை அடைந்தபோது மழை பிடித்துவிட்டது. சும்மா மழை இல்லை, புயல் மழை. ஆட்கள் சாக்கையும் பழம்புடவையையும் எடுத்துக்கொண்டு குவியல் குவியலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எதுவும் எதையும் மூடவில்லை. துரைக்கண்ணு தன் நெல்லின்மேல் இரண்டு கைகளையும் விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். அவர் உயரத்துக்கு எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடியிருந்தார்.

"மாமா! எந்திரிங்க! தார்ப்பாய்!"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையைப் பரணிதரன் எந்தக் கருத்தரங்கிலும் கண்டதில்லை.

காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. களத்தில் நெல் தூற்றிக் கூட்டும் அம்சம் என்கிற பெண், "இந்த முனைய என்கிட்ட விடுங்க சார்!" என்று ஓடி வந்து ஒரு பக்கத்தை இழுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு பக்கம் துரைக்கண்ணு. மூன்றாம் பக்கத்துக்குக் கல். நான்காம் பக்கத்துக்குக் கல் கிடைக்காததால் கொள்முதல் கொள்கைப் பகுப்பாய்வாளர் தானே மல்லாந்து படுத்தார். மழை அவன் முகத்திலும், சட்டைப்பையிலிருந்த போனிலும் நின்று நிதானமாகப் பெய்தது.

ஓய்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. களத்தில் இருந்த மற்ற குவியல்களெல்லாம் ஊறிப்போய், அடியில் கஞ்சி போல நீர் கசிந்தது. துரைக்கண்ணு தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கை விட்டு ஒரு பிடி அள்ளினார். நெல் சரசரத்தது.

"மாப்ள," என்றார். "கொள்கைன்னா என்னன்னு இன்னைக்குத்தான் மாப்ள எனக்குப் புரிஞ்சுது."

அன்று மாமனார் வீட்டில் பரணிதரனுக்குக் கிடைத்த உபசாரம், தலைதீபாவளிக்குக்கூடக் கிடைக்காதது. வெந்நீர், மிளகு ரசம், வறுத்த விரால். மாமனாரின் போனில் பிரகதி கூப்பிட்டுப் பேசினாள். "நீங்களா படுத்தீங்க? மழையிலயா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலாவது தடவை அவள் குரலில் கல்யாணமான புதிதில் கேட்ட ஒரு குழைவு இருந்தது. "தீபாவளிக்கு உங்களுக்குப் பட்டு வேட்டி எடுக்கச் சொல்றேன் அப்பாகிட்ட," என்றாள்.

அவன் போன் மட்டும் செத்துப்போயிருந்தது. அது இல்லாததே சுகமாக இருந்தது. தான் எழுதிய ஆயிரம் பத்திகள் காப்பாற்றாத நெல்லைத் தன் முதுகு காப்பாற்றியதை நினைத்தபடி, நிம்மதியாகத் தூங்கிப்போனான்.

விழித்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. மாமனார் வீட்டில் இல்லை. காபியைக் குடித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, களத்தை நோக்கி நடந்தான். வழியில் பார்க்கிறவர்கள் இரண்டு வார்த்தை பாராட்டிச் சொல்லக்கூடும் என்பதால் மெதுவாகவே நடந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

களத்தில் திருவிழாக் கூட்டம். தராசு ஓயாமல் ஏறி இறங்கியது. சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மூட்டைகள் எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. எடை போடுபவர் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஈரம் பார்க்கும் மெஷினைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியிருந்தார். நேற்று மாரில் அடித்துக்கொண்டவர்களெல்லாம் சிரித்துக்கொண்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

துரைக்கண்ணுவின் குவியல் மட்டும் அப்படியே கிடந்தது. அதன்மேல் தார்ப்பாய் இல்லை. நாலு முனையையும் கம்பில் கட்டித் தொட்டி போல ஆக்கி, பம்புசெட்டிலிருந்து அதில் தண்ணீர் விட்டிருந்தார்கள். துரைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து குடம் குடமாக மொண்டு தன் நெல்லின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெரியவருக்கு ராத்திரி குளிரில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பரணிதரன் நினைத்தான். ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தான்.

"மாமா! என்ன பண்றீங்க? விடுங்க மாமா!"

துரைக்கண்ணு அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குடத்தைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி மொள்ளப் போனார்.

குவியலின் அந்தப் பக்கத்தில் நின்று மண்வெட்டியால் நெல்லைப் புரட்டிப் புரட்டி ஊற வைத்துக்கொண்டிருந்த அம்சம் சொன்னாள்:

"நனைஞ்ச நெல்ல ஈரம் பார்க்காம இன்னைக்கே எடுத்துடணும், நனையாததப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு உங்க மேடம் காலையில உத்தரவு போட்டுட்டாங்களாம் சார், சும்மா நிக்காம நீங்களும் ரெண்டு குடம் மொண்டு ஊத்துங்க."